பட்டாணி அளவுச் சுரப்பிக்குப் பட்டினி

மூளையின் அடியில், எலும்புக் குழி ஒன்றில், பட்டாணி அளவில் ஒரு சுரப்பி அமர்ந்திருக்கிறது. அதுவே பிட்யூட்டரி. எடை ஏறத்தாழ அரை கிராம்தான். ஆயினும் தைராய்டு, அட்ரீனல் முதலிய சுரப்பிகளை வேலை வாங்குவது இதுவே.

பெரியவர்களுக்கு இதன் சுரப்புக் குறைவதேன்? பெரும்பாலும் அச்சுரப்பியில் வளரும் கட்டியோ, அதற்கான சிகிச்சையோ காரணம். தலையில் படும் பலத்த அடியாலும் குறையலாம்.

இன்னொரு காரணம் இரத்தப் பஞ்சம். இதன் முன்பகுதிக்கு இரத்தம் குறைந்த அழுத்தத்திலேயே வந்து சேருகிறது. தொட்டியில் நீர்மட்டம் தாழ்ந்தால் தெருக்கோடி வீட்டுக் குழாய்தானே முதலில் வற்றுகிறது! கருவுற்ற காலத்தில் இச்சுரப்பி பருத்துவிடுவதால் தேவையும் மிகுதி. பிரசவத்தில் பெருமளவு இரத்தம் வெளியேறி அழுத்தம் வீழ்ந்தால், சுரப்பியின் திசுக்கள் மடிகின்றன. ஷீஹன் என்ற மருத்துவ அறிஞர் 1937இல் இதை விளக்கினார். கண்ணாடிவிரியன் கடித்துப் பிழைத்தவர்களிலும் சிலருக்கு இச்சுரப்பி பழுதாவதுண்டு.

தாய்ப்பால் சுரவாமை, மாதவிலக்கு மீளாமை, ஓயாத களைப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். சில ஆண்டுகள் கழித்தே இது வெளிப்படுவதும் உண்டு. “பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள். அன்று நேர்ந்த இரத்தப்போக்கை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். குறைந்த ஹார்மோன்களை மருந்தாகத் தந்து ஈடுசெய்ய இயலும்.