தீவில் பிறந்தால் போதாது, பதிவேட்டிலும் பெயர் வேண்டும்

ஜகார்த்தாவின் வடக்குக் கரையிலுள்ள மூஆரா அங்கே துறைமுகத்திலிருந்து மரப்படகில் சுமார் இரண்டு மணி நேரம் போனால் பாரி தீவு வரும். ‘ஆயிரம் தீவுகள்’ கூட்டத்தைச் சேர்ந்த இந்தத் தீவின் பரப்பு ஏறத்தாழ 42 ஹெக்டேர். நம் கணக்கில் நூறு ஏக்கருக்குச் சற்று அதிகம். இங்கே சுமார் 1,500 பேர் வாழ்கிறார்கள். மீன் பிடித்தார்கள், கடற்பாசி வளர்த்தார்கள். பாசி வருமானம் குறைந்ததும், புதர் மண்டிக் கிடந்த ஒரு கடற்கரையைத் தாங்களே வெட்டித் திருத்திச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிட்டார்கள். வீடுகளில் ஒன்றிரண்டு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறார்கள்.

இந்தத் தீவின் சுமார் 90 விழுக்காடு நிலம் தனக்குச் சொந்தம் என்கிறது ஒரு தனியார் நிறுவனம். தாங்கள் திருத்திய கடற்கரையில் ஆளுக்கு 5,000 ரூபியா நுழைவுக் கட்டணம் வசூலித்ததற்காக 2017இல் தீவு மக்கள் சிலர் கைது செய்யப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் எப்படிச் சொந்த மண்ணில் அத்துமீறியவர்கள் ஆனார்கள்? இந்தோனேசியாவின் எந்தச் சிறு தீவில் வாழ்பவரும், அங்கே இடம் வாங்க நினைப்பவரும் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

சட்டம் எதை உரிமை என்கிறது?

இந்தோனேசிய நிலச் சட்டத்தின் அடிப்படை 1960ஆம் ஆண்டின் 5ஆம் எண் வேளாண் நிலச் சட்டம். முழு உரிமையான ‘ஹக் மிலிக்’ தனிநபர்களில் இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே உண்டு. நிறுவனங்களுக்குக் கட்டட உரிமை போன்ற காலவரையுள்ள உரிமைகள் உண்டு. எதுவானாலும் வலுவான சான்று, தேசிய நில அலுவலகம் தரும் சான்றிதழ்தான்.

ஆனால் தீவு மக்கள் பலரிடம் இருப்பது ‘கிரிக்’ எனப்படும் பழைய நிலவரி ஆவணம். நம்மூர்க் கிஸ்தி ரசீது போன்றது அது: வரி கட்டியதைக் காட்டும், உரிமையை நிலைநாட்டாது. பாரி தீவில் அதுவும் பலரிடம் இல்லை. 1980களில் ஆவணங்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லி வாங்கிப் போனார்கள், அவை திரும்பி வரவே இல்லை என்கிறார்கள் மக்கள்.

இப்போது இன்னொரு நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டின் 18ஆம் எண் அரசு ஒழுங்குமுறை, இத்தகைய பழைய ஆவணங்களைப் பதிவு செய்ய ஐந்தாண்டு அவகாசம் தந்தது. அந்த அவகாசத்தின் முடிவு 2026 பிப்ரவரி. அதன்பின் கிரிக் உரிமைச் சான்றாக நிற்காது. பதிவுக்கு உதவும் குறிப்பாக மட்டுமே கொள்ளப்படும். நிலம் உடனே பறிபோய்விடும் என்று இதற்குப் பொருளில்லை. நிரூபிக்கும் சுமை கூடும் என்பதே பொருள்.

ஆபத்து எங்கே தொடங்குகிறது?

ஆபத்து புல்டோசரோடு வருவதில்லை. ஊர் அலுவலகத்தில் ஒட்டும் ஓர் அறிவிப்போடு தொடங்குகிறது. ஒருவர் நிலப்பதிவு கேட்டால், அளந்த விவரங்களை நில அலுவலகத்திலும் ஊர்த் தலைவர் அலுவலகத்திலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். 1997ஆம் ஆண்டின் நிலப்பதிவு விதி தனித்தனி விண்ணப்பங்களுக்கு 2021 வரை 60 நாள் தந்தது. அரசே ஊர் முழுவதையும் அளக்கும் திட்டத்தில் இந்தக் காலம் 14 நாள்தான். அதற்குள் ஆட்சேபணை வராவிட்டால் வேலை மேலே நகர்ந்துவிடும்.

பாரி தீவில் 62 முழு உரிமைச் சான்றிதழ்களும் 14 கட்டட உரிமைச் சான்றிதழ்களும் வழங்கப்பட்டதில் நிர்வாகச் சீர்கேடு நடந்திருக்கிறது என்று 2018இல் ஓம்புட்ஸ்மன் என்ற அரசுக் குறைகேள் அமைப்பு அறிவித்தது. மக்களுக்கோ, தங்கள் நிலம் வேறு பெயர்களில் பதிவானதே பிறகுதான் தெரியவந்தது.

அரசுத் திட்டங்களிலும் இதே கதைதான். பாத்தாமுக்கு அருகிலுள்ள ரெம்பாங் தீவில் கண்ணாடித் தொழிற்சாலையோடு கூடிய நகரத் திட்டத்துக்காகச் சுமார் 7,500 பேர் இடம்பெயர வேண்டியிருக்கும் என்றார்கள். 2023 செப்டம்பர் 7 அன்று நில அளவைக்கு எதிராகத் திரண்ட மக்கள் மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. அங்கிருப்பவை பழைய மலாய்க் கிராமங்கள். சான்றிதழ் இல்லாததே அவர்களின் பலவீனமாகிப் போனது.

கடலும் தன் பங்குக்கு நெருக்குகிறது. பாரி தீவில் கடல்நீர் வீடுகளுக்குள் புகுகிறது, கிணற்று நீர் உப்பாகிறது. கரையோரத்தில் பொதுவாக உயர் அலைக் கோட்டிலிருந்து குறைந்தது 100 மீட்டர் காப்புப் பகுதி என்கிறது விதி. ஒடுங்கிய தீவில் 100 மீட்டர் போனால் மிச்சம் எவ்வளவு இருக்கும்?

வெளியாள் வாங்கலாமா?

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம்மவர்கள் உட்படப் பல வெளிநாட்டவர்களிடம் தரகர்கள் ஒரு வழி சொல்வதுண்டு: ‘உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள், தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம்.’ இதை நம்பவே கூடாது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, நேரடியாகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்கு முழு உரிமை போகும்படி செய்யும் ஏற்பாடு செல்லாது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது.

முறையான வழி ‘ஹக் பக்காய்’ என்ற பயன்பாட்டு உரிமை. முதலில் 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. அதற்கும் முறையான குடியேற்ற ஆவணங்கள் வேண்டும். மேலும், விற்பவரிடம் விற்கத்தக்க உரிமை இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. லொம்போக் அருகே கிலி திராவாங்கான் தீவில் 65 ஹெக்டேர் நிலத்தை 1995இல் மாகாண அரசு ஒரு நிறுவனத்துக்கு 70 ஆண்டு ஒப்பந்தத்தில் கொடுத்தது. 2021இல் அதை ரத்து செய்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த நிலத்தில் வீடுகளும் விடுதிகளும் எழுந்துவிட்டன. கட்டியவர் கட்டடத்தைக் காட்டி விலை பேசலாம். ஆனால் நிலம் மாகாணத்தின் சொத்து.

என்ன செய்யலாம்?

முதலாவது, பதிவு. எழுத்துச் சான்று இல்லாதவரும் 20 ஆண்டு தொடர்ச்சியாக, நல்லெண்ணத்தோடு, வெளிப்படையாக நிலத்தை அனுபவித்ததைச் சாட்சிகளோடு நிறுவினால் பதிவு கேட்கலாம் என்கிறது 1997ஆம் ஆண்டு விதி. வரி ரசீது, மின் கட்டண ரசீது, பழைய படங்கள், மூத்தவர்களின் எழுத்து வாக்குமூலம் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். நகல் மட்டும் கொடுங்கள், அதற்கும் ரசீது வாங்குங்கள்.

இரண்டாவது, ஆட்சேபணை. ஒருவர் நல்லெண்ணத்தோடு சான்றிதழ் பெற்று, நிலத்தை உண்மையாகவே தன் வசம் வைத்திருந்து, ஐந்தாண்டுக்குள் யாரும் எழுத்து மூலம் எதிர்க்காமலும் வழக்குப் போடாமலும் இருந்தால், பிறகு அதை அசைப்பது கடினம். அதனால் வாய்ப்பேச்சு போதாது. எழுதிக் கொடுங்கள்; நிலத்தை விட்டு விலகாமல் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, புகாரும் வழக்கும். ஓம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றிப் புகார் தரலாம். அரசு அலுவலகத்தின் முடிவை எதிர்ப்பதானால் நிர்வாக நீதிமன்றத்தை 90 நாளுக்குள் அணுக வேண்டும். வசதியற்றவர்களுக்கு 2011ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. சுற்றுச்சூழலைக் காக்கப் போராடுபவர் மீது வழக்குத் தொடுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தின் 66ஆம் பிரிவு.

நான்காவது, ஊர் ஒற்றுமை. பாரி தீவைச் சேர்ந்த நால்வர் ஒன்றுசேர்ந்து, காலநிலை மாற்றத்தால் தங்கள் தீவைக் கடல் விழுங்குவதில் அதன் கரிம வாயு வெளியீட்டுக்கும் பங்குண்டு என்று சுவிட்சர்லாந்தின் ஹோல்சிம் சிமெண்ட் நிறுவனத்தின் மீது 2023இல் அந்நாட்டிலேயே வழக்குத் தொடுத்தார்கள். நூறு ஏக்கர் தீவின் குரல் கடல் கடந்தும் போக முடியும் என்பதற்கு அவர்களே சான்று.

இந்தோனேசியத் தீவொன்றில் கடலோர நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், விலையைக் கேட்பதற்கு முன் அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். நில அலுவலகத்தில் சான்றிதழைச் சரிபாருங்கள், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். வாழ்பவர்களின் சம்மதமில்லாத நிலத்தை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.