தீவனம் எடுக்காத வாத்து

காவிரிப் படுகையின் சிற்றூர்களில் மாலை வேளையில் வாய்க்கால் கரையோரமாக வரிசையாய் வீடு திரும்பும் வாத்துகளைக் காணாதார் இரார். அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களில் ஆயிரக்கணக்கான வாத்துகளை ஓட்டி வந்து வயல்வெளியில் பட்டி போடுவோர் ஒருபுறம் இருக்க, கொல்லைப்புறத்தில் ஐந்து, பத்து என்று வளர்ப்போரும் பலர் உள்ளனர். வயலில் சிந்திய நெல்லையும், நத்தையையும், புழு பூச்சிகளையும் தின்று, விடியற்காலையில் முட்டையிட்டுவிட்டு மேய்ச்சலுக்குப் போய்விடும் வாத்து, ஏழைக் குடும்பத்துக்கு வாய்த்த எளிய துணையாகும். அவற்றுள் ஒன்று வீட்டுக் குழந்தைகளின் செல்லமாகிவிடுவதும் இயல்பே.

அத்தகைய வாத்து ஒரு நாள் தீவனம் எடுக்காமல் ஒதுங்கி நின்றால் என்ன செய்வது? ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் இக்கேள்வி அற்பமாகத் தோன்றலாம். அது அவ்வளவு சிறிய கேள்வி அன்று என்பதை எங்கள் ஒன்றியத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே எங்களுக்கு உணர்த்தியது.

சிற்றூர் ஒன்றில் மூதாட்டி ஒருவர் 9 வாத்துகள் வளர்த்து வந்தார். முட்டை விற்ற காசில்தான் பேரனுக்கு நோட்டுப் புத்தகங்களும் எழுதுகோலும் வாங்குவது வழக்கம். அப்பேரன் பெயரிட்டு வளர்த்த ஆண் வாத்து ஒரு நாள் காலை, கூட்டைத் திறந்தும் வெளியே வரவில்லை. நத்தையைக் கையில் வைத்து நீட்டியபோதும் அலகைத் திறக்கவில்லை. “சந்தையில் தள்ளிவிடுங்கள், ஆயா; செத்துப்போனால் ஒரு காசும் தேறாது” என்று அண்டை வீட்டார் யோசனை கூறினர். பையன் அதற்கு இசையவில்லை. ஊராட்சித் தலைவரிடம் ஓடினான். தலைவர் உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்தார். வேறு பணியாக அன்று அவ்வூருக்குச் சென்றிருந்த நாங்களும் உடன் போனோம்.

மருத்துவர் வாத்தைப் பரிசோதித்த பின், “தீவன மூட்டை எங்கே?” என்று கேட்டார். ஒழுகும் கூரையின் கீழ், வெறும் மண் தரையில் சாக்கு கிடந்தது. அதைக் கவிழ்த்தபோது அடியில் இருந்த கடலைப் பிண்ணாக்கு கட்டியாகிப் பசுமை கலந்த மஞ்சள் நிறப் பூசணம் பூத்திருந்தது. மூன்றாம் நாள் அந்த ஆண் வாத்து இறந்துவிட்டது. அறுத்துப் பார்த்ததில் கல்லீரல் கெட்டிருந்தது தெரிந்தது. ஆனால் தீவனத்தை அன்றே மாற்றிவிட்டதால் மற்ற 8 வாத்துகளும் பிழைத்தன. முதலில் உணவை மறுத்த வாத்து, தன் கூட்டத்தைக் காப்பாற்றிவிட்டுப் போயிற்று என்றே சொல்ல வேண்டும்.

அந்த மூட்டை எங்களுக்கும் ஒரு பாடமாயிற்று. இத்தனை குடும்பங்கள் வாத்து வளர்க்கின்றன என்று நாங்கள் கணக்கு எழுதி வைத்திருந்தோம். தீவனத்தை எங்கே வைக்கிறீர்கள் என்று ஒருவரையேனும் கேட்டோமில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரையை எழுதலானோம்.

எது இயல்பு, எது நோய்?

பசியின்மை தனியொரு நோய் அன்று, வேறொன்றின் அறிவிப்பு. இயல்பான காரணங்களாலும் வாத்து தீவனத்தைக் குறைத்துக்கொள்வதுண்டு. அடைகாக்கும் வாத்து 28 நாட்கள் முட்டைகளின் மேல் அமர்ந்திருக்கும். நாளொன்றுக்கு ஓரிரு முறையே எழுந்து சிறிது தின்று நீர் அருந்தித் திரும்பும். இறகு உதிரும் காலத்திலும், சித்திரை, வைகாசி வெயிலிலும், நாய் துரத்திய அச்சத்திலும், புதிய இடத்துக்கு வந்த முதல் நாளிலும் தீவனம் குறைவதுண்டு. ஆயினும் இந்நிலைகளில் கண் தெளிவாக இருக்கும். நீரைக் கண்டால் வாத்து இறங்கும். ஆள் நெருங்கினால் விலகும்.

அவ்வாறன்றி, கழுத்தைச் சுருக்கி, இறகைச் சிலிர்த்து, கண்ணை மூடி ஒதுங்கி நிற்கும் வாத்து நோயுற்றது என்றே கொள்ள வேண்டும். “நாளை பார்த்துக்கொள்ளலாம்” என்னும் சொல் இங்கு உதவாது. பறவையினம் தன் நோவை இயன்றவரை மறைக்கும் இயல்புடையது. நம் கண்ணுக்கு அது புலப்படும்போது நோய் ஏற்கெனவே முற்றியிருக்கக்கூடும்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

முதலாவதாக, வாத்தைத் தனியே பிரித்து, நிழலும் காற்றோட்டமும் உள்ள உலர்ந்த இடத்தில், புது வைக்கோல் பரப்பி வைக்க வேண்டும். வாத்து கூட்டமாக வாழும் பறவை. தனிமையில் மேலும் சோர்ந்துவிடும். ஆகையால் மற்ற வாத்துகளின் குரல் காதில் விழும் தொலைவில் வைப்பது நலம். ஆனால் தண்ணீரும் தீவனமும் ஒருபோதும் பொதுவாக இருத்தல் கூடாது.

இரண்டாவதாக, தண்ணீரைக் கவனிக்க வேண்டும். கோழிக்கு வைப்பதுபோல் தட்டில் ஊற்றும் நீர் வாத்துக்குப் போதாது. அலகு முழுவதையும் நாசித் துளைகளோடு அமிழ்த்திக் கழுவிக்கொள்ளும்படி 5 அல்லது 6 அங்குல ஆழமேனும் இருக்க வேண்டும். இல்லையேல் நாசியில் தீவனம் அடைத்துக்கொள்ளும்; கண்ணும் கெடும். வாத்து ஒரு வாய் தின்று ஒரு வாய் நீர் அருந்தும் பறவையாதலால், அருகில் நீர் இன்றி உலர்ந்த தவிட்டை மட்டும் வைத்தால் தொண்டையில் அடைத்துக்கொண்டு தீவனத்தையே வெறுத்துவிடும். நீரை மாற்றிய மாத்திரத்தில் தின்னத் தொடங்கிய வாத்துகளும் உண்டு.

மூன்றாவதாக, வாத்தை மெல்லப் பிடித்துச் சோதிக்க வேண்டும். அலகைத் திறந்து நூல், தூண்டில் முள், பாலிதீன் துண்டு ஏதேனும் சிக்கியுள்ளதா என்று பார்க்கலாம். முள்ளோ நூலோ உள்ளே சென்றிருந்தால் இழுத்து எடுக்க முயலாமல் மருத்துவரிடம் விட வேண்டும். கழுத்தின் அடிப்பகுதி கெட்டியாக வீங்கியிருந்தால், நீண்ட புல்லோ கயிற்று நாரோ அடைத்திருக்கக்கூடும். பெட்டை வாத்து முக்கி முக்கி நின்றால் முட்டை அடைத்துக்கொண்டிருக்கலாம். அடிப்பாதத்தில் புண் இருந்தாலும் நடக்க மாட்டாமல் தீவனத்தை விட்டுவிடும். எச்சத்தின் நிறத்தையும் குறித்து வைத்தல் வேண்டும். மருத்துவர் முதலில் கேட்பவற்றுள் அதுவும் ஒன்று.

நான்காவதாக, ஊறவைத்த நொய்யுடன் சிறிது தவிடு கலந்து, அரிந்த கீரை, அசோலா, மண்புழு இவற்றுள் கிடைப்பதைச் சிறு அளவில் வைக்கலாம். தின்னாமல் விட்டதை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். புளித்த தீவனம் வேறொரு கேட்டைக் கொண்டுவரும்.

செய்யத் தகாதவையும் உண்டு. அலகைப் பிளந்து கஞ்சியோ எண்ணெயோ மிளகுச் சாறோ புகட்டுதல் கூடாது. அது மூச்சுக் குழலில் இறங்கி, நோயால் சாக வேண்டாத வாத்தையும் கொன்றுவிடும். மனிதருக்கு வாங்கிய மாத்திரையையும், கோழிக்குக் கொடுத்து மீந்த மருந்தையும் நம் விருப்பப்படி கொடுத்தலும் தவறு.

நம் கொல்லையிலேயே உள்ள காரணங்கள்

பூசணம் பிடித்த தீவனத்தை முதலில் சொல்ல வேண்டும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் இறந்தன. ஆராய்ந்ததில், அவற்றுக்கு அளித்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூசணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று தெரிந்தது. அப்ளாடாக்சின் என்னும் பெயர் பெற்ற அந்நஞ்சு கல்லீரலைத் தாக்குவது. வீட்டில் வளரும் பறவைகளுள் அதனால் மிக எளிதில் பாதிக்கப்படுவது வாத்து. அதிலும் குஞ்சுகளுக்குத் தீங்கு மிகுதி. வெயிலில் உலர்த்தினாலும், கழுவினாலும், வேகவைத்தாலும் அந்நஞ்சு நீங்கிவிடும் என்று நம்புவதற்கில்லை. பூசணம் கண்ட பிண்ணாக்கையும் சோளத்தையும் தவிட்டையும் புதைத்துவிடுவதே சிக்கனம். மூட்டையைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் வைப்பதும், சில வாரங்களுக்கு வேண்டிய அளவே வாங்குவதும் செலவில்லாத காப்பு.

அடுத்தது தேங்கிய நீர். கோடையில் வற்றும் குட்டையில் மீனோ பறவையோ செத்து அழுகினால், அதில் தோன்றும் நஞ்சு அங்குள்ள புழுக்களிலும் சேரும். அப்புழுவைத் தின்ற வாத்துக்குக் கால்கள் சோர்ந்து, இறக்கை தொங்கி, கழுத்துத் துவண்டுவிடும். அத்தகைய குட்டையிலிருந்து வாத்துகளை விலக்குவதும், செத்தவற்றை அகற்றிப் புதைப்பதும் அவசரப் பணிகள்.

மூன்றாவது பூச்சிக்கொல்லி. மருந்து தெளித்த வயலில் மேய்ந்த வாத்து எச்சில் ஒழுக, உடல் நடுங்கித் தள்ளாடும். அப்போது தெளித்த மருந்தின் பெயரை அறிந்து மருத்துவரிடம் சொல்லுதல் உயிர் காக்கும். தெளித்த வயலின் வரப்பில் ஒரு சிவப்புத் துணியை நட்டு வைத்தால், மேய்ப்பவருக்கும் அண்டை வீட்டாருக்கும் அது எச்சரிக்கையாகும்.

நான்காவது ஈயம். இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்குவது வாத்தின் இயல்பு. வீச்சு வலையிலிருந்து உதிர்ந்த ஈயக் குண்டையும் கல்லென்று விழுங்கிவிட்டால் நாளுக்கு நாள் மெலிந்துபோகும். வலை பழுது பார்க்கும் இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்வது எளிய தடுப்பு.

தொற்று நோய்கள்

ஒரு வாத்து மட்டுமன்றி, இரண்டு மூன்று வாத்துகள் அடுத்தடுத்துத் தீவனத்தை விட்டால் தொற்று நோயை ஐயுற வேண்டும். வாத்து பிளேக் என்னும் நோய் 1923ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. நம் நாட்டில் 1963ஆம் ஆண்டில் மேற்கு வங்கத்தில் அறியப்பட்டது. பசியின்மை, மிகுந்த தாகம், வெளிச்சத்தைக் கண்டு கூசுதல், இமைகள் ஒட்டிக்கொள்ளுதல், நீர்த்த கழிச்சல், முட்டை திடீரெனக் குறைதல் ஆகியவை இதன் குறிகள். நோயுற்ற வாத்து நீந்திய நீரே அதைப் பரப்பிவிடும். வந்தபின் குணப்படுத்தும் மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. 8 முதல் 12 வார வயதுக்குள் அதைப் போடுவது வழக்கம். வாத்துக் காலரா என்பது வேறு நோய். அதற்கும் தடுப்பூசி உண்டு, தக்க மருந்தும் உண்டு. இவ்விரண்டையும் பார்த்த அளவில் வேறுபடுத்துவது நம்மால் இயலாது. அது மருத்துவர் பணி.

பறவைக் காய்ச்சலையும் மறத்தலாகாது. 2014 நவம்பரில் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம், பத்தனம்திட்டா மாவட்டங்களில் வாத்துகளிடையே அது கண்டு, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் அழிக்கப்பட்டன. அது மனிதரையும் தாக்கக்கூடியது. ஆகவே பல வாத்துகள் ஒருங்கே சாகுமாயின், குழந்தைகளை அப்பக்கம் விடாமலும், வெறுங்கையால் தொடாமலும், உடனே தெரிவித்தல் வேண்டும்.

ஊராட்சியின் கடமை

நோயுற்ற வாத்தைச் சந்தையில் தள்ளிவிடுவதால் ஒரு குடும்பத்துக்குச் சில ரூபாய்கள் கிட்டலாம். ஆனால் அதனோடு நோயும் பத்து ஊர்களுக்குப் போய்ச் சேரும். செத்ததை வாய்க்காலில் எறிவதும் அவ்வாறே. தொற்று நோய் ஐயம் எழுந்தால் உரியவர் அதை ஊராட்சிக்கோ கிராம அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று கால்நடைகளின் தொற்று நோய்களைத் தடுப்பதற்கான 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அச்செய்தியைக் கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பு நம்முடையது. 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் அழைத்தும் கால்நடை மருத்துவ உதவி கேட்கலாம். அவ்வெண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் நியாயவிலைக் கடையிலும் எழுதி வைத்தல் நலம்.

இறந்த வாத்தை மருத்துவர் பார்க்கும்வரை உறையிலிட்டு நிழலில் வைத்து, பின்னர் கிணற்றுக்கும் குளத்துக்கும் எட்டத்தில், நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். பட்டி போட வரும் வாத்து மேய்ப்போரை விரட்ட வேண்டுவதில்லை. தடுப்பூசி போட்டாயிற்றா என்று அன்போடு கேட்டு, ஊர் வாத்துகள் இறங்கும் குட்டையை விட்டு வேறு நீர்நிலையைக் காட்டினால் போதும். தடுப்பூசி முகாமுக்கு நாள் குறிப்பதை அடுத்த கிராம சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளாகச் சேர்க்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

அண்மையில் அம்மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். நான்கு செங்கற்களின்மேல் ஒரு பலகை. பலகையின்மேல் தீவனச் சாக்கு. பள்ளியிலிருந்து திரும்பிய பையன் நம்மிடம் பேசுவதற்கு முன், சாக்கினுள் கைவிட்டு ஒரு பிடி பிண்ணாக்கை எடுத்து முகர்ந்து பார்த்தான். பிறகுதான் வாத்துகளுக்கு வைத்தான். அவன் இழந்து கற்ற பாடத்தை நாம் இழக்காமலே கற்றுக்கொள்வோமாக.