தோண்டிய தீவும் விட்டுவைத்த பாசியும்

நான் கோலார் தங்க வயலில், மாரிக்குப்பத்துச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னேன். மகளைப் பாம்பனில் கட்டிக் கொடுத்த பிறகுதான் கடலை நிதானமாகப் பார்க்கக் கிடைத்தது. பார்க்கப் பார்க்க எங்கள் ஊர்தான் நினைவுக்கு வந்தது.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி எங்கள் ஊரில் சுரங்க வேலையைத் தொடங்கியது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்த் தோண்டினார்கள். ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியது. கல்லில் தங்கம் குறைந்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இன்று ஷாஃப்டுகளில் தண்ணீர் நிற்கிறது. காற்றுக் காலத்தில், தங்கம் பிரித்த பின் கொட்டிவைத்த சயனைடு மேட்டுத் தூசி சோற்றுத் தட்டு வரை வருகிறது. எங்கள் பிள்ளைகள் விடிவதற்குள் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். தங்கம் தீர்ந்தால் இந்த ஜனம் என்ன செய்யும் என்ற கணக்கை நூறு வருஷத்துக்கும் மேலாக யாரும் போடவில்லை.

கடலையும் அப்படித்தான் தோண்டியிருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையில் 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த பவளப்பாறையைப் பெயர்த்து, சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் பல பத்தாண்டுகள் கரையேற்றினார்கள். அந்தப் பாறைதான் அலையின் வேகத்தைத் தணிக்கும் சுவர். மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்வதும் அதன் இடுக்குகளில்தான். சுவர் போனதும் அலை வந்து தீவின் மணலை அரித்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்குப் பக்கத்து வான் தீவும் சுருங்கிக்கொண்டே வர, அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. ஒரு தீவே மூழ்கிப்போகும் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நிலத்தடியில் நாங்கள் பார்த்ததையே இந்தக் கரையோர ஜனங்கள் கடலடியில் பார்த்திருக்கிறார்கள்.

அடிபட்ட பிறகுதான் நாடு ஒவ்வொன்றாகக் கற்றது. 1986-ல் அந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 1991-ல் கரையோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று சொல்லும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. 2001-ல் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு கிடைத்தது. விசைப்படகுகள் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டின் 1983-ஆம் வருஷத்துச் சட்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அவை கடலுக்கே போகக்கூடாது. மீன் முட்டையிடும் காலம் அது. மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுவுக்காக 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு ஒதுக்கியது.

இத்தனை விதிகளிலும் என் மனசுக்கு நெருக்கமானது, தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்டது. தீவுகள் பூங்காவானதும் அந்தப் பெண்களுக்கும் வனத்துறைக்கும் பல வருஷம் மோதல். பிறகு பெண்கள் கூடிப் பேசினார்கள்: மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது, இனப்பெருக்கக் காலத்தில் போகவே கூடாது. பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி அவர்களில் முன்னே நின்றவர்; 2015-ல் அவருக்கு சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது.

பாசிக்குப் போக விரலில் துணி சுற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். "கூட ரெண்டு நாள் போனா காசு கிடைக்குமே அக்கா?"

"பூராத்தையும் அரிச்சு எடுத்துட்டா அடுத்த மாசம் எதைப் போய் எடுக்க?" என்றார். "வேரை விட்டு வச்சாத்தானே தழையும்?"

தங்கம் தழையாது. கடல் தழையும். விட்டுவைத்தால் திருப்பித் தருகிற சொத்துக்குக் காவல் போடுவதில் அந்தச் சொத்தை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குத்தான் முதல் பேச்சு இருக்க வேண்டும். மேலேயிருந்து வரும் தடை மட்டும் போதாது. மூன்று கடல் மைல் கோட்டுக்குள் வந்து வலையிழுக்கும் விசைப்படகுகளைப் பற்றி நாட்டுப்படகுக்காரர்கள் இன்னமும் முறையிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கோட்டைப் போட்டால் அதைக் காக்க ஆளும் படகும் வேண்டும்.

கரையோரத்தில் இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மாவட்டத்தின் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடம் கருத்துக்கேட்புக்கு வரும்போது போய்ப் பாருங்கள். வலை உலர்த்தும் இடம், படகு ஏற்றும் இடம், பாசி விளையும் பாறை எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இல்லையென்றால் எழுந்து சொல்லுங்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு வரைபடத்தை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை.