நெஞ்செரிச்சலும் நம் கடை நேரமும்

வேலூரானாலும் ஆம்பூர், வாணியம்பாடியானாலும் வியாபாரிகளாகிய நமக்கு மதியச் சாப்பாடு நாலு மணிக்கு; இரவுச் சாப்பாடு கடையடைத்துக் கணக்கு முடித்த பிறகுதான். தோல் தொழிற்சாலைகளின் சம்பள நாளென்றால் அதுவும் தள்ளிப்போகும். இடையில் நாலைந்து டீ. பிறகு பிரியாணியோ பரோட்டாவோ வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்துவிடுகிறோம். புளியேப்பமும் நெஞ்செரிச்சலும் வராமல் என்ன செய்யும்?

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் சுருக்குப்பை வாய் போல ஒரு தசை வளையம் உண்டு. அது தளர்ந்தால் இரைப்பை அமிலம் மேலேறி எரிகிறது. தொந்தி, புகை, சாப்பிட்டவுடன் குனிந்து மூட்டை தூக்குவது எல்லாம் இதை அதிகப்படுத்தும்.

நம் கடையிலேயே தொங்கும் ஈனோவும், மருந்துக்கடை ஜெலுசிலும் டைஜினும் இருக்கிற அமிலத்தை முறிக்கும். பலன் சிறிது நேரம்தான். ஈனோவில் சோடியம் உண்டு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும்.

ஒரு காலத்தில் பலரும் சட்டைப்பையில் வைத்திருந்த ரேனிடிடின் மாத்திரையில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு இருப்பது 2019-ல் தெரியவந்தது. 2020-ல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. 2022-ல் நம் மத்திய அரசும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. பழைய சீட்டைக் காட்டி அதையே வாங்காதீர்கள்.

ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் ஆகியவை அமிலம் சுரப்பதையே குறைப்பவை. வெறும் வயிற்றில், உணவுக்கு அரை மணி முன்பு சாப்பிட வேண்டும். வழக்கமாக 4 முதல் 8 வாரம் தருவார்கள். டாக்டரைக் கேட்காமல் வருடக்கணக்கில் விழுங்கினால் பி12 சத்து குறையக்கூடும்.

செலவில்லாத வைத்தியமும் உண்டு. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி இடைவெளி விடுங்கள். முடியாதென்றால் கடையிலேயே எட்டு மணிக்கு இட்லியோ சப்பாத்தியோ சாப்பிட்டுவிடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அரை அடி உயரம் கொடுங்கள். இடது பக்கமாகப் படுங்கள்.

விழுங்கச் சிரமம், கறுப்பாக மலம் போவது, இரத்த வாந்தி, காரணமின்றி எடை குறைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. நமக்கு வேலூர் சி.எம்.சி. பக்கத்திலேயே இருக்கிறது. எண்டோஸ்கோப்பி சோதனைக்குப் பயப்பட வேண்டாம்.

முக்கியமான ஒன்று. நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் அதைக் 'கேஸ்' என்று முடிவு செய்துவிடாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி தெரியாமலே மாரடைப்பு வரலாம். சோடா குடித்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்காமல் உடனே 108-ஐ அழைத்து, ஈ.சி.ஜி. எடுக்கச் செல்லுங்கள். வியாபாரத்தை நாளைக்கும் பார்க்கலாம்.