‘ஜெய் பீம்’ வழக்கில் மீன்சுருட்டிக்கு என்ன வேலை?

‘ஜெய் பீம்’ பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களுக்கு ஒரு ரகசியம். அந்த உண்மைக் கதையின் முக்கியமான முடிச்சு அவிழ்ந்தது நம்ம அரியலூர்ப் பக்கம்! கங்கைகொண்ட சோழபுரத்தில் பெருவுடையாரைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால், கொஞ்ச தூரத்திலேயே மீன்சுருட்டி. பஸ்ஸில் கடந்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள்.

1993 மார்ச். அன்றைய தென்னாற்காடு மாவட்டம், முதனை கிராமம். நகைத் திருட்டு என்று சந்தேகப்பட்டு ராஜாக்கண்ணு என்பவரைக் கம்மாபுரம் போலீசார் பிடித்துப் போனார்கள். அப்புறம், “ஆள் தப்பி ஓடிட்டான்” என்றார்கள். மனைவி பார்வதி அதை நம்பவில்லை. அவர் தேடி வந்து நின்ற வக்கீல்தான் கே. சந்துரு. படத்தில் சூர்யா!

இனி திரைக்குப் பின்னால். சந்துரு கிரிமினல் வக்கீல் என்று போர்டு மாட்டியவர் இல்லை. தொழிலாளர் வழக்குகளில் பேர் வாங்கியவர். மனித உரிமை வழக்கென்றால் ஃபீஸ் வாங்க மாட்டார். அவர் கையில் எடுத்த ஆயுதம் ஆட்கொணர்வு மனு. “ஆளைக் கொண்டுவந்து நிறுத்து” என்று கேட்பதுதான் மொத்த மனுவும். ஆனால் “எங்களிடம் ஆளே இல்லையே” என்று போலீஸ் ஒரு பதில் மனு போட்டுவிட்டால், பெரும்பாலும் கட்டை மூடிவிடுவார்கள். அங்கேதான் ராஜன் வழக்கு வருகிறது. படத்தில் அந்தப் பேரைக் கேட்டிருப்பீர்களே, அது கற்பனை இல்லை! எமர்ஜென்சியில் போலீஸ் கொண்டுபோன கேரள மாணவர் ராஜன். அவருடைய அப்பா ஈச்சர வாரியர் போட்ட மனுவில் கேரள உயர் நீதிமன்றம் சாட்சிகளையே நேரில் விசாரித்தது. விளைவு? 1977-ல் கருணாகரன் முதல்வர் நாற்காலியையே விட்டு இறங்கினார். அந்தத் தீர்ப்பைத்தான் சந்துரு இங்கே முன்னுதாரணமாகக் காட்டினார். பழைய தீர்ப்பைத் தூசி தட்டி எடுப்பது இவ்வளவு சுவாரசியமான வேலையா என்று கேட்காதீர்கள். வக்கீல் வேலையில் முக்கால்வாசி அதுதான்.

சரி, மீன்சுருட்டி? அந்தக் காவல் எல்லையில்தான் அடையாளம் தெரியாத ஓர் ஆண் சடலம் கிடந்தது. இப்படிக் கிடைத்தால் ஸ்டேஷனில் என்ன செய்வார்கள்? வழக்குப் பதிவு, போட்டோ, உடற்கூறாய்வு, பிறகு அடக்கம். அப்புறம் ஃபைல் பீரோவுக்குப் போய்விடும். கம்மாபுரம் ஒரு மாவட்டம், மீன்சுருட்டி அன்றைக்குத் திருச்சி மாவட்டம். இந்த ஸ்டேஷன் ‘காணோம்’ என்கிறது, அந்த ஸ்டேஷன் ‘யாரென்று தெரியவில்லை’ என்கிறது. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். ‘தப்பி ஓடியவர்’ அங்கே பிணமாகக் கிடந்திருந்தார். எழுதும்போதே கை நடுங்குகிறது. நம் குதூகலமெல்லாம் வக்கீல் வேலையின்மீது மட்டும்தான்.

இதில் ஒரு வேடிக்கை வேறு. வழக்கு நடந்த காலத்திலும் அதன் பிறகும் மீன்சுருட்டி மாவட்டம் மாறிக்கொண்டே இருந்தது! 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர். 2001-ல் அரியலூர். 2002-ல் திரும்பவும் பெரம்பலூர். கடைசியாக 2007-ல் மறுபடி அரியலூர். இந்தச் சாவு வழக்கில் கடலூர் செஷன்ஸ் கோர்ட்டில் விடுதலையான போலீசாருக்கு 2006-ல் உயர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தபோது, மீன்சுருட்டி பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. அதே 2006-ல் சந்துருவும் அந்த உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனார்!

ஆன பிறகும் மனிதர் மாறவில்லை. ‘மை லார்ட்’ வேண்டாம் என்றார். பார்த்து முடித்த வழக்குகள் 96,000 என்கிறார்கள். 2013 மார்ச்சில் ஓய்வு. பிரிவுபசார விழாவும் வேண்டாம் என்று, அரசுக் காரை ஒப்படைத்துவிட்டு மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார். எனக்கு சூர்யா சீன்களைவிட இதுதான் மாஸ்.

எல்லா ஊருக்கும் ஒரு சந்துரு கிடைப்பாரா? அதற்குத்தான் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெரம்பலூரிலும் இருக்கிறது, அரியலூரிலும் இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானக் கணக்கே கேட்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள், இலவசமாக. கைதானவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். அந்த நேரம் தாண்டியும் ஆள் எங்கே என்று தெரியவில்லையா? போனை எடுத்து சட்ட உதவி எண் 15100-ஐ அழுத்துங்கள்.