நடக்க முடியாத சிறுமி 3 தங்கம் வென்றாள்!

"இந்தக் குழந்தை இனி நடக்காது" என்றார் டாக்டர்.

"நடப்பாள்" என்றார் தாய்.

அந்தக் குழந்தைதான் வில்மா ருடால்ப். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில், 1940-ம் ஆண்டு, ஏழைக் கறுப்பர் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனாரின் 22 பிள்ளைகளில் 20-வது பிள்ளை.

இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் விளங்காமல் போயிற்று. வாராவாரம் சுமார் 50 மைல் தள்ளி, நாஷ்வில் ஆஸ்பத்திரிக்குத் தாய் பஸ்சில் அழைத்துப் போனார். வீட்டில் உடன்பிறந்தவர்கள் முறை போட்டுக் காலைப் பிடித்து விட்டார்கள். 12 வயதில் வில்மா இரும்புப் பட்டை இல்லாமல் நடந்தார். பிறகு ஓடினார்!

1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில், 16 வயதில், தொடர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. "அடுத்த முறை தங்கம்" என்று உறுதி கொண்டார்.

30 சுற்று

கல்லூரியில் பயிற்சி கொடுத்த எட் டெம்பிள் கண்டிப்பானவர். ஒரு நிமிடம் பிந்தினால் ஒரு சுற்று கூடுதலாக ஓட வேண்டும்.

ஒரு நாள் வில்மா அயர்ந்து தூங்கிவிட்டார். அரை மணி நேரம் தாமதம். தண்டனை, 30 சுற்று! முணுமுணுக்காமல் ஓடினார்.

மறுநாள்? அரை மணி நேரம் முன்னதாகவே வந்து மைதானத்தில் உட்கார்ந்திருந்தார்!

1960-ல் ரோம் நகரில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் மூன்றிலும் அவருக்கே தங்கம்.

சொந்த ஊரில் வரவேற்பு ஏற்பாடாயிற்று. "வெள்ளையர், கறுப்பர் என்று பிரித்து நடத்தினால் வர மாட்டேன்" என்றார் வில்மா. இரு நிறத்தாரும் ஒன்றாகவே கூடி வரவேற்றார்கள்.

வைத்தியம் ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு நாள்தான். மற்ற நாட்களில் அவரைத் தூக்கி நிறுத்தியது, வீட்டில் தவறாமல் நடந்த பயிற்சி!