வைத்தியர் வருவாயும் உழைப்பு நேரமும்

ஒருவர் மாதந்தோறும் பெறும் பணத்தைக் கொண்டு மாத்திரம் அவர் தொழிலின் ஆதாயத்தை மதிப்பிடுதல் பொருந்தாது. அப்பணத்துக்காக எத்தனை மணி உழைத்தார், எத்தனை ஆண்டு கற்றார் என்பனவும் உடனெண்ணத்தக்கன. மில்டன் பிரீட்மன், சைமன் குஸ்நெட்ஸ் என்னும் பொருளியலறிஞர் 1945இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க வைத்தியரின் வருவாய் பல்வைத்தியரின் வருவாயிலும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மிகுந்திருக்கக் கண்டனர். அம்மிகுதியில் ஒரு பகுதியே நீண்ட படிப்பின் பயன். எஞ்சியது வைத்தியத் தொழிலுட் புகும் வாயில் ஒடுங்கியிருந்தமையால் விளைந்தது என்பது அவர் வாதம். அந்நூல் அச்சேறு முன்னரே சர்ச்சைக்குள்ளானமை வியப்பன்று.

இனி, ஊதியம் உயர்ந்தால் உழைப்பும் மிகுமோ? மணிக்குரிய ஊதியம் உயருங்கால் ஓய்வின் விலையும் உயர்கின்றது. ஆதலின் மேலும் உழைக்க மனமெழும். ஆயின், கையிற் பணம் பெருகியவர் ஓய்வை நாடுதலும் இயல்பே. இவ்விரண்டும் எதிரெதிராக இழுப்பன. எது வெல்லும் என்பதை அளந்தே அறிதல் வேண்டும்.

சுன்னாகத்து நோயாளர் இதனை நூலிற் படிக்கவேண்டியதில்லை. இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசம். அரசாங்க வைத்தியர் கடமைநேரம் கழிந்தபின் தனியாகத் தொழில் செய்வதற்கு 1977இல் மீண்டும் இடமளிக்கப்பட்டது. பகலில் இன்னுமொரு நோயாளரைப் பார்த்தால் வைத்தியருக்கு மேலதிகமாக ஒரு சதமும் இல்லை. மாலையில், மக்கள் 'சனல்' என வழங்கும் முறையில், தலைக்கொரு கட்டணம். வைத்தியர் அவரே, அறிவும் அதுவே. மணியின் விலைதான் வேறு. மாலைக் கட்டணம் இறுக்க இயலாதவர் பகல் வரிசையிலேயே காத்திருக்கின்றனர்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் நாட்டை நீங்கினர். 2024 தொடக்கத்தில் அவர்களுக்குரிய மாதாந்தப் படியொன்று 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. எத்தனை பேரைப் பார்த்தாலும் மாறாத படி அது. பகல் மணியின் விலையை உயர்த்தாது. வைத்தியரை நாட்டில் நிறுத்த உதவலாமேயன்றிப் பகல் வரிசையைக் குறுக்குமென எதிர்பார்த்தல் அரிது.

வைத்தியரை ஊரில் நிறுத்தும் இவ்வினா யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1847இல் இங்கு வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கிலத்திற் கற்ற மாணாக்கர் கூடிய சம்பளத்தை நாடி வெளியே செல்லக் கண்டார். 1864 முதல் தமிழிற் கற்பிக்கத் தொடங்கினார். தமிழிற் கற்றவருக்கு வெளியூர்ச் சம்பளம் எட்டாதாகலின் அவர் தம்மூரிலேயே தங்குவர் என்பது அவர் போட்ட கணக்கு.